பசுத் தொழுவில் குதிரையைக் கட்டலாமா?

கேள்வி: 21 ஆகஸ்ட் 2024

இந்த ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போய் ஒரு பெட்டைக் குதிரை வாங்கி வந்திருக்கிறேன். மூன்று வயது என்றார்கள். எனக்கு நாங்குநேரி பக்கம் ஊர். தொழுவில் ஏற்கெனவே நான்கு பசுக்கள் நிற்கின்றன. கோ-4 புல் அரை ஏக்கர் இருக்கிறது. தவிடு, புண்ணாக்கு, மூட்டைத் தீவனம் எல்லாம் இருக்கின்றன. குதிரையும் புல் தின்கிற பிராணிதானே, தனியாக என்ன செலவு வந்துவிடப் போகிறது? திசையன்விளை பக்கம் குடும்பமாகக் குதிரை வளர்க்கிறவர் இங்கே எழுதுகிறார் என்றார்கள். அவர் சொல்லட்டும்.

21 ஆகஸ்ட் 2024, இரவு

செலவு வரும், அண்ணாச்சி. "புல் தின்கிற பிராணிதானே" என்று சொல்லியே நம் பக்கத்தில் பல குதிரைகளைச் சாகடித்திருக்கிறார்கள்.

பசு நிறையத் தின்றுவிட்டுப் படுத்து அசைபோடும். அதற்கு நான்கு அறை வயிறு. குதிரைக்கு இருப்பது ஒரே இரைப்பை, அதுவும் உடம்பைப் பார்த்தால் நம்ப முடியாத அளவுக்குச் சிறியது. பத்துப் பதினைந்து லிட்டருக்கு மேல் கொள்ளாது. நார் செரிப்பதெல்லாம் பின்னால் பெருங்குடலில். போதாக்குறைக்குக் குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது பின்பக்கமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். வழியில் அடைத்துக்கொண்டால் வயிற்றுவலி, உருளல், பல நேரங்களில் சாவு.

ஆகவே காலையில் ஒரு தொட்டி, மாலையில் ஒரு தொட்டி என்ற பசு வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க, பெரும்பாலும் புல்லாக.

இன்னொன்று, இதுதான் அவசரம். அந்த மூட்டைத் தீவனம் மாட்டுக்கானதா, கோழிக்கானதா, அதில் மொனென்சின் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். கோழிக்கு ரத்தக் கழிச்சல் வராமலிருக்கச் சேர்ப்பது அது. கோழி தாங்குகிற அளவில் மிகச் சிறு பங்கே குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். மாற்று மருந்தும் கிடையாது. "ஒரு கை அள்ளி வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது வந்து சொன்னால் கேட்காதீர்கள்.

23 ஆகஸ்ட் 2024

கோ-4 பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் ஆக்சலேட் அதிகம். குதிரையின் குடலில் அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். அதுவும் சேர்ந்தால் கணக்கு இன்னும் கெடுகிறது. ரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்தவுடன் உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுக்கத் தொடங்கும். முதலில் நடையில் தயக்கம், காரணம் தெரியாத நொண்டல். பிறகு முகத்தின் இரு பக்கமும் எலும்பு வீங்கும். அப்படி முகம் பருத்த ஒரு குதிரையை எங்களிடம் விற்க வந்தவர், "நல்ல வம்சம், அதனால்தான் தலை பெரிது" என்றார். அப்பா அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

புல்லை வெட்டி எறியச் சொல்லவில்லை. பாதிக்குக் கீழே குறையுங்கள். மீதிக்குக் குதிரைமசால், வேலிமசால், நன்றாகக் காய்ந்த கடலைக்கொடி. நம் பக்கம் கடலைக்கொடிக்குக் குறைவில்லை. ஆனால் பூசணம் பிடித்த கொடியைப் பசுவுக்கும் போடாதீர்கள், குதிரைக்குப் போடவே போடாதீர்கள்.

24 ஆகஸ்ட் 2024

பத்து வருடமாகக் கோ-4 போடுகிறேன், எதுவும் ஆகவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கூடவே தினமும் ஒரு கட்டு குதிரைமசால் போடுவதாக அவரே கீழே எழுதியிருக்கிறார். அவருடைய குதிரையைக் காப்பாற்றுவது அந்தக் கட்டுதான்.

25 ஆகஸ்ட் 2024

கொள்ளு எவ்வளவு என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வேலை இல்லாமல் நிற்கிற குதிரைக்குக் கொள்ளே தேவையில்லை, புல் போதும். ஓடுகிற குதிரைக்கு, வண்டி இழுக்கிற குதிரைக்கு, பால் கொடுக்கிற தாய்க்குக் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் ஊறவைத்து ஒரு கொதி விட்டு, ஆறவைத்து, வேறு தானியத்தோடு கலந்து வைப்போம். சூட்டோடு வைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பழிக்கிறோம். எங்கள் வீட்டில் அது என் தம்பிக்குத்தான் பொருந்தும். பந்தயத்தன்று முதல் ஆளாக வந்து நிற்பான். லத்தி, அதாவது குதிரைச் சாணம், அள்ளும் நேரத்தில் அவனுடைய செல்பேசிக்கு முக்கியமான அழைப்பு வரும்.

1 செப்டம்பர் 2024

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டார்கள். எங்கள் நாள் அம்மாவுடையது. விடிவதற்கு முன் அவர் எழுந்து லாயத்துக்குப் போய், யாரையும் தொடாமல் ஒரு சுற்றுப் பார்ப்பார். முந்தைய இரவு வைத்த புல்லில் மிச்சம் இருக்கிறதா, லத்தி எத்தனை இடத்தில் விழுந்திருக்கிறது, உருண்டையாக இருக்கிறதா, யார் படுத்த தடம் மண்ணில் இருக்கிறது. குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது பாதிதான் சரி. ஆழ்ந்த தூக்கத்துக்குக் கொஞ்ச நேரமாவது படுத்தாக வேண்டும். பயந்த குதிரை படுக்காது. பல நாள் படுக்காத குதிரை ஒருநாள் நின்ற இடத்திலேயே முழங்கால் மடிந்து விழும். அதனால்தான் அந்தத் தடத்தைத் தேடுகிறார்.

பிறகு தண்ணீர். வளர்ந்த குதிரை ஒன்று சாதாரண நாளில் 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும்; சித்திரை வெயிலில் அதையும் தாண்டும். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு. புதிதாக வருகிற குதிரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குடிக்காமல் விட்டால் உள்ளே போன உலர்தீவனம் கட்டிப்போகும். அதற்காக முதல் சில நாட்கள் தண்ணீரில் துளி கருப்பட்டி கரைத்து வைப்போம். வாளியைத் தினம் தேய்த்துக் கழுவுவது தங்கையின் வேலை. அவள் கல்லூரிக்குப் போகும் அவசரத்தில் அதைத் தள்ளிப்போட்டதை நான் பார்த்ததில்லை.

காலையில் நான்கு குளம்பையும் தூக்கிச் சுரண்டிப் பார்க்க வேண்டும். கல், ஆணி, முள். இங்கே உடைமுள் ஒரு பெரிய தொல்லை. முள் ஏறிய குளம்பு சீழ் பிடித்தால் போச்சு. ரணஜன்னி (டெட்டனஸ்) எல்லாப் பிராணிகளையும்விடக் குதிரைக்குச் சீக்கிரம் பிடிக்கும். தடுப்பூசி இருக்கிறது, விலை அதிகமில்லை. அண்ணாச்சி, உங்கள் குதிரைக்குப் போட்டாயிற்றா? நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.

லத்தியை முருங்கைத் தோட்டக்காரர்கள் வந்து எடுத்துப் போகிறார்கள். அதில் வரும் பணத்தை அம்மா யாருக்கும் கணக்குக் காட்டுவதில்லை.

2 செப்டம்பர் 2024

காற்றை விட்டுவிட்டேன். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் எங்கள் பக்கம் காற்றாலைகள் நிற்காமல் சுற்றும். காற்று அடிக்கும்போது குதிரைக்குக் காதும் மூக்கும் வேலை செய்யாது. எந்தத் திசையிலிருந்து என்ன வருகிறது என்று புரியாமல் தவிக்கும். அந்த மாதங்களில் இளங்குதிரைக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க மாட்டோம். பறந்து வருகிற ஒரு பிளாஸ்டிக் பை அரை மாதப் பயிற்சியை வீணாக்கிவிடும்.

5 செப்டம்பர் 2024

அண்ணாச்சி பதில் எழுதிவிட்டார். கீழ்வாயைத் திறந்து படம் எடுத்தும் போட்டிருக்கிறார், நன்றி. முன்பற்கள் ஆறும் நிலைப்பற்களாக இருக்கின்றன. நடுப்பல் இரண்டு ஏறக்குறைய இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும், அடுத்த இரண்டு மூன்றரையில், ஓரப்பல் நாலரையில். ஐந்து வயதில்தான் வாய் நிரம்பும். மூன்று வயது என்று உங்களிடம் கொடுத்த குதிரைக்கு ஐந்துக்குக் குறையாது. வருத்தப்பட ஒன்றுமில்லை. மூன்று வயதுக் குதிரைக்கு இன்னும் எலும்பு முற்றியிருக்காது. ஐந்து வயது உங்களைப் போன்ற முதல் ஆளுக்கு நல்லதுதான். விலை பேசும்போது தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

காதின் நுனி இரண்டும் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடுகிறதே, மார்வாரி ரத்தம் இருக்கிறது. கத்தியவாரியிலும் அப்படி வளையும். படத்தைப் பார்த்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

7 செப்டம்பர் 2024

மணல். இதை முதல் நாளே எழுதியிருக்கலாம், நாங்குநேரிக் கரம்பை மண்ணில் அவ்வளவு சிக்கல் இல்லை என்பதால் தள்ளிப்போட்டேன். தேரிப் பக்கம் இருக்கிறவர்கள் கவனியுங்கள். குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம், எங்கள் திசையன்விளை வரை செம்மணல். ஓடுவதற்கு அதைவிட நல்ல தரை கிடையாது. காலுக்கு மெத்து, விழுந்தாலும் அடி இல்லை. தின்பதற்கு அதைவிடக் கெட்ட தரையும் கிடையாது. தரையில் போட்ட புல்லைத் தின்னும்போது மணலும் கூடப் போகும். பெருங்குடலின் அடியில் படிந்து கனக்கும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. கைப்பிடி லத்தியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, கொஞ்ச நேரம் விட்டு, மேலே உள்ளதை மெல்ல வடித்துவிடுங்கள். அடியில் மணல் நெருநெருவென்று கையில் பட்டால் தீவனத் தொட்டி கட்ட நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இசப்கோல் உமி கொடுக்கும் வழக்கமும் உண்டு. அளவை மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

14 செப்டம்பர் 2024

குதிரையின் மயிர்ச் சுழி பார்த்து வாங்கலாமா என்ற விவாதம் சூடு பிடித்துவிட்டது. சுழி பார்க்காமல் குதிரை வாங்குகிறவன் முட்டாள் என்று ஒரு கட்சி, பார்க்கிறவன் முட்டாள் என்று இன்னொரு கட்சி.

எங்கள் அப்பா முதலில் சுழி பார்ப்பார், அடுத்து பல், கடைசியில் கால். நான் கால், பல், சுழி என்று போவேன். இரண்டு பேரும் ஒரே குதிரையில்தான் பெரும்பாலும் வந்து நிற்கிறோம். மயிர் எந்தப் பக்கம் சுழன்றால் வீட்டுக்காரருக்கு என்ன ஆகும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் பழுதான சுழி என்று ஊர் சொல்லும் குதிரையை வாங்க மாட்டேன். நாளைக்கு அதை விற்கப் போனால் வருகிறவன் அதைக் காட்டித்தான் விலையைக் குறைப்பான். நம்பாதவனும் நம்புகிறவனின் சந்தையில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. நான்கு காலிலும் முகத்திலும் வெள்ளை இருந்தால் பஞ்சகல்யாணி என்று விலையை ஏற்றிக் கேட்பதும் இதே கதைதான். அந்த வெள்ளைக் கால்களில் ஒன்று நொண்டுகிறதா என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

30 செப்டம்பர் 2024

தனியாக நிற்கிற குதிரை இரவெல்லாம் கனைக்கிறது, மரத்தைக் கடிக்கிறது என்று அண்ணாச்சி எழுதியிருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டு அதைத் தொழுவிலிருந்து பிரித்துத் தோப்பின் கடைசியில் கொட்டகை போட்டிருக்கிறார்! நான் பிரிக்கச் சொன்னது தீவனத்தை. கூட்டத்தில் வாழ்கிற பிராணி அது. தனிமை அதற்கு நோய். பசுக்கள் கண்ணில் படுகிற தூரத்தில், கொம்பு படாத இடைவெளியில், குறுக்கே ஒரு தடுப்பு வைத்துக் கட்டுங்கள். ஓர் ஆடு துணைக்கு நின்றாலும் போதும். எங்கள் கருப்பி என்ற கிழட்டுப் பெட்டைக்கு ஒரு வெள்ளாட்டுக் கிடாதான் துணை. கோயில் கொடைக்கு நேர்ந்துவிட்ட கிடா அது. அதை என்ன செய்வது என்று வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது.

12 அக்டோபர் 2024

லாடம். தேரி மணலில் மட்டும் நடக்கிற குதிரைக்கு லாடம் வேண்டாம். தார்ச்சாலையில் ஓடினால் வேண்டும். லாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவித்தான் ஆக வேண்டும். இங்கே ஆள் கிடைப்பதுதான் பாடு. மாட்டுக்கு லாடம் அடிக்கிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மாட்டை வீழ்த்திக் கட்டிப்போட்டு அடிப்பார்கள். குதிரையை நிற்கவைத்து, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து அடிக்க வேண்டும். இரண்டும் வேறு கை. எங்கள் லாடக்காரருக்கு வயதாகிவிட்டது. அவர் வருகிற அன்று அம்மா அயிரைமீன் குழம்பு வைப்பார். அது மரியாதையா, லஞ்சமா என்று கேட்டால் இரண்டும்தான்.

13 அக்டோபர் 2024

இதை எழுதும்போது பழைய துறைமுகமான காயல் நினைவுக்கு வருகிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய அரசர்கள் ஆண்டுதோறும் அரபுக் கடல் வணிகர்களிடம் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியதையும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை செத்ததையும் எழுதியிருக்கிறார். காரணமும் சொல்கிறார்: இங்குள்ளவர்களுக்குப் பராமரிக்கத் தெரியவில்லை, சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுத்தார்கள், லாடக்காரர்கள் கிடையாது. கொண்டுவந்து விற்ற வணிகர்களே லாடக்காரர்களை இந்தப் பக்கம் வரவிடவில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டு மறுபடி விற்கலாம்!

அயலூர்க்காரர் கேட்டதையும் கண்டதையும் கலந்து எழுதியது. எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் தாமிரபரணியின் முகத்துவாரத்தில் கப்பலிலிருந்து இறங்கிய குதிரை எதனால் செத்திருக்கும் என்று கேட்டால், நானும் தீவனத்தைத்தான் முதலில் சொல்வேன். ஐப்பசி மழையும் ஈயும் இரண்டாவது.

14 அக்டோபர் 2024

ஈ என்றேன், எந்த ஈ என்று கேட்கிறார்கள். மாட்டையும் குதிரையையும் வலிக்க வலிக்கக் கடித்து ரத்தம் குடிக்கும் பெரிய ஈ. சர்ரா என்ற நோயின் கிருமியை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் அதிகம். காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். தின்றுகொண்டே மெலியும். அடிவயிற்றிலும் காலிலும் நீர் கோக்கும். மாட்டில் இந்தக் கிருமி பெரும்பாலும் வெளியே தெரியாமல் இருந்துவிடும், குதிரையை விடாது. பசுவோடு சேர்த்துக் கட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பார்வைக்குள் கட்டுங்கள், ஒட்டிக் கட்டாதீர்கள் என்று முன்பு எழுதியதற்கு இதுவும் சேர்த்தி. சந்தேகம் வந்தால் ரத்தச் சோதனை. நம் மாவட்டத்தில் இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மந்திரித்துக் கயிறு கட்டுங்கள், தடுக்கவில்லை. கயிறு கட்டிவிட்டு அங்கே போங்கள்.

3 டிசம்பர் 2024

மேகத்தைப் பார்த்தாலே இந்த மாதம் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 யாருக்கு மறக்கும்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. எங்கள் லாயத்தில் முழங்கால் தண்ணீர் ஏறியதும் அப்பா முதலில் செய்தது எல்லாக் கயிற்றையும் அவிழ்த்ததுதான். கட்டிப்போட்ட குதிரைதான் முதலில் சாகும். கிழட்டுக் கருப்பியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு தேரி மேட்டுக்கு நடந்தார். மற்றவை பின்னால் வந்தன. பனைகளுக்கு நடுவே இரவெல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அடுத்த வாரம்தான் தொல்லை தொடங்கியது: ஈரத்தில் ஊறிய குளம்பின் நடுவே அழுகல், நாற்றம். தினமும் கழுவித் துடைத்துக் காயவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. நனைந்த தீவனம் முழுவதையும் உரக்குழியில் கொட்டினோம். காயவைத்துப் போடலாமே என்ற உறவினரை அம்மா பார்த்த பார்வையில் அவர் பொங்கலுக்குக்கூட வரவில்லை.

9 டிசம்பர் 2024

நேற்று இரவு எங்கள் செவலைக் குதிரை ஈன்றது. பெட்டைக்குட்டி. ஏறக்குறைய பதினோரு மாதச் சினை; தேதி வைத்துக் காத்திருந்தால் அது நம்மை ஏமாற்றிவிட்டு, எல்லோரும் தூங்கப் போன பின்தான் ஈனும். குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணிக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். எது தாமதித்தாலும் மருத்துவரை எழுப்புங்கள். நஞ்சுக்கொடியைப் பசுவுக்குச் செய்வதுபோல் கல் கட்டித் தொங்கவிடாதீர்கள், இழுக்காதீர்கள். சீம்பாலைக் கறந்து வீட்டுக்கு எடுக்கவும் நினைக்காதீர்கள். குட்டியின் நோய் எதிர்ப்புச் சக்தி முழுவதும் அதில்தான் வருகிறது, அதுவும் முதல் சில மணி நேரம்தான் அதன் குடல் அதை வாங்கிக்கொள்ளும். ஒரு வாரம் பத்து நாளில் குட்டிக்கு வயிற்றோட்டம் வந்தால் பதற வேண்டாம், பலவற்றுக்கு வரும். சோர்ந்து பால் குடிக்காமல் படுத்தால் பதறுங்கள்.

பெயர் வைப்பதில் தகராறு. தம்பி பந்தயப் பெயர் வேண்டும் என்கிறான். ஆச்சி ஏற்கெனவே "முத்து" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார், குட்டியும் காதைத் திருப்புகிறது.

20 ஜனவரி 2025

பொங்கல் பந்தயங்கள் முடிந்தன. பெரிய குதிரை, சின்னக் குதிரை என்று பிரித்து ஓட்டினார்கள். தம்பி ஒன்றில் மூன்றாவதாக வந்தான். ஆறு பேர் படம் எடுத்தார்கள், ஒருவர்கூட ஓடி முடித்த குதிரைக்கு மூச்சு அடங்கும் வரை நடக்க இடம் விடவில்லை. ஓடிய உடனே கட்டிப்போடாதீர்கள். நடத்துங்கள், உடம்பில் தண்ணீர் ஊற்றுங்கள், குடிக்கவும் கொடுங்கள். சூடாக இருக்கும்போது தண்ணீர் கொடுத்தால் செத்துவிடும் என்பது பழைய பயம். தாகத்தோடு நிறுத்திவைப்பதுதான் அதிகம் கெடுக்கிறது. அப்பாவோடு இதில் எனக்கு இன்னும் சண்டை தீரவில்லை. அவர் தாத்தா பாளையங்கோட்டையில் குதிரைவண்டி ஓட்டிய காலத்துச் சட்டத்தைப் பேசுகிறார்.

11 பிப்ரவரி 2025

தை முகூர்த்தங்கள் முடிகிற நேரம். வருமானம் எங்கிருந்து என்று ஒருவர் நாசூக்காகக் கேட்டிருந்தார்: மாப்பிள்ளை அழைப்பு, கோயில் ஊர்வலம், சாரட் வண்டி, எப்போதாவது ஒரு குட்டி விற்பது, லத்தி. பந்தயத்தில் வருவது பந்தயத்துக்கே போய்விடும்.

அண்ணாச்சி தன் குதிரையையும் கல்யாணத்துக்கு விடலாமா என்கிறார். இப்போது வேண்டாம். முதலில் ஒரு மாதம் வீட்டு வாசலில் மேளத்தைத் தூரத்தில் அடிக்கச் சொல்லி, தின்றுகொண்டே கேட்க விடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வரட்டும். பிறகு விளக்கு, ஜெனரேட்டர், சுற்றி ஆடுகிற கூட்டம். ஒப்புக்கொள்ளும்போதே மாப்பிள்ளை வீட்டாரிடம் மூன்று விஷயத்தைப் பேசிவிடுங்கள்: கடிவாளத்தை நம் ஆள்தான் பிடிப்பார், குதிரைக்குப் பின்னால் யாரும் ஆடக் கூடாது, சரவெடி கொளுத்துவது குதிரையை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு. மூன்றாவதை ஒப்புக்கொள்ளாத வீட்டுக்கு நாங்கள் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். கடந்த வாரம் ஒரு வீட்டுக்குக் கொடுத்தோம். அவர்கள் ஜீப்பில் போனார்கள்.